பாலத்தில் நிற்பது யார்

மருந்து கொடுப்பதற்கு முன்பே எடுத்த ரத்த மாதிரிகள் அவை. ஒருவர் உடம்பிலும் அந்த ஊசி இன்னும் ஏறவில்லை. ஆனால் மாதிரிகளை ஊற்றிவைத்த பல குழிகள் கொண்ட பிளேட்டைப் படித்த கருவி தந்த எண்களைப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாசிட்டிவ். இதுவரை சந்தித்தே இராத ஒரு மருந்துக்கு எதிராக இத்தனை பேர் உடம்பில் ஆன்டிபாடி இருக்கிறது என்று எங்கள் டெஸ்ட் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் பிப்பெட்டைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் பிளேட் கழுவும் இயந்திரத்தை. மறுநாள் எல்லாவற்றையும் புதிதாகக் கலந்து, இன்னொருவரை வைத்து ஓட்டிப் பார்த்தோம். அதே மாதிரிகள், அதே பாசிட்டிவ். தவறு கையில் இல்லை, டெஸ்ட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடமாக எனக்கு இதுதான் வேலை. உயிருள்ள செல்களில் வளர்த்து எடுக்கும் மருந்துகளை பயாலஜிக் என்கிறோம். முடக்குவாதத்துக்குப் போடும் அடாலிமுமாப், குடல் அழற்சிக்கும் போடும் இன்ஃப்ளிக்சிமாப், புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் எல்லாம் இந்த வகை. இவை பெரிய புரதங்கள். அதனால் சிலருடைய உடம்பு இவற்றை வெளியாளாகப் பார்த்து, இவற்றுக்கு எதிராக ஆன்டிபாடியை, பாடப்புத்தகத் தமிழில் எதிர்ப்பொருளை, உண்டாக்கிவிடும். அப்படி உண்டானால் மருந்து வேகமாக வெளியேறிவிடலாம், வேலை செய்யாமல் போகலாம், சிலருக்கு ஒவ்வாமை வரலாம். உண்டாகியிருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் எங்கள் டெஸ்ட்டின் கடமை.

டெஸ்ட் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள். இரண்டும் ஒரே பொருளைத்தான் பிடிக்கும். அதனால் மருந்தையே இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கில் பயோட்டின் என்ற வைட்டமினை ஒட்டுகிறோம், இன்னொரு பங்கில் ருத்தேனியம் என்ற உலோகத்தை. இந்த ஒட்டுகளைத்தான் லேபிள் என்போம். நோயாளியின் சீரத்தோடு, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த திரவத்தோடு, இரண்டையும் கலந்து வைத்தால், அதிலுள்ள ஆன்டிபாடி ஒரு கையால் பயோட்டின் மருந்தையும் மறு கையால் ருத்தேனியம் மருந்தையும் பிடித்துக்கொள்ளும். பிளேட்டின் அடியில் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தைப் பூசியிருக்கும், அது பயோட்டினை விடாமல் பிடித்துவைக்கும். கழுவிவிட்டு மின்னோட்டம் கொடுத்தால், மிச்சமிருக்கும் ருத்தேனியம் ஒளிரும். இரண்டு மருந்துத் துண்டுகளுக்கு நடுவே ஆன்டிபாடி பாலமாக நிற்கிறது. ஒளி வந்தால் பாலம் இருக்கிறது என்று பொருள்.

சிக்கல் இதற்குள்ளேயேதான் இருக்கிறது. கருவிக்குப் பாலம் மட்டும்தான் தெரியும். பாலமாக நிற்பது யார் என்று அதற்குத் தெரியாது. இரண்டு கையுள்ள எதுவும் அங்கே வந்து நிற்கலாம்.

எங்கள் மாதிரிகள் எல்லாம் முடக்குவாத நோயாளிகளுடையவை. அங்கேதான் விடை இருந்தது, ஆனால் அதைப் பார்க்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. முடக்குவாதக்காரர்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் ரூமட்டாய்டு ஃபேக்டர் இருக்கும். டாக்டர் எழுதித் தரும் சீட்டில் ‘ஆர்.ஏ. ஃபேக்டர்’ என்று வருமே, அதுதான். 1940இல் நார்வேயைச் சேர்ந்த எரிக் வாலர் முதலில் விவரித்தது. அது என்ன? ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் ஆன்டிபாடி வகைக்கு ஐஜிஜி என்று பெயர். மனிதனுடைய அந்தச் சொந்த ஐஜிஜியின் வால் பகுதியைப் பிடிக்கும் ஓர் ஆன்டிபாடி. பெரும்பாலும் ஐஜிஎம் வகை, அதாவது ஐந்து மூலக்கூறு சேர்ந்த கொத்து, பத்துக் கைகள். நாங்கள் சோதித்த மருந்தும் ஓர் ஆன்டிபாடிதான், மனித ஐஜிஜி வடிவத்தில் செய்யப்பட்டது. மருந்தின் வாலைப் பத்துக் கைகளோடு பிடிக்க ஒருவர் ஏற்கனவே அந்த ரத்தத்தில் காத்திருக்கிறார். பாலம் கட்ட இதைவிட என்ன வேண்டும்?

ஒரு கேள்வி உங்களுக்கு வரலாம். ரத்தத்தில் ஏற்கனவே மில்லிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவுக்கு ஐஜிஜி மிதக்கிறதே, ரூமட்டாய்டு ஃபேக்டர் அதையெல்லாம் விட்டுவிட்டு நம் மருந்தை ஏன் பிடிக்க வேண்டும்? எனக்கும் வந்த கேள்வி இது. தனித்தனியாக மிதக்கும் ஐஜிஜியை அது தளர்வாகத்தான் பிடிக்கும். ஒரே இடத்தில் நெருக்கமாக ஐஜிஜி சேர்ந்திருந்தால் பல கைகளால் ஒரே நேரத்தில் இறுக்கிக்கொள்ளும். எங்கள் பிளேட்டின் தரையில் மருந்து அப்படித்தான் நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு சீரத்தை நாங்கள் நீர்க்க வைத்துவிடுகிறோம், போட்டிக்கு இருக்கும் ஐஜிஜியும் குறைந்துவிடுகிறது.

சரி, பொய் பாசிட்டிவ் வந்தால் பிடிக்க இரண்டாம் கட்டச் சோதனை இருக்கிறதே என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. முதல் கட்டத்தில் பாசிட்டிவ் ஆன மாதிரியில், லேபிள் ஒட்டாத வெறும் மருந்தை நிறையக் கொட்டி மறுபடி ஓட்டுவோம். உண்மையான ஆன்டிபாடி என்றால் அந்த வெறும் மருந்தைப் பிடித்துக்கொண்டு கை நிறைந்துவிடும், பாலம் கட்டாது, ஒளி குறையும். குறைந்தால் உறுதி. பிளாஸ்டிக்கில் சும்மா ஒட்டிக்கொண்ட குப்பையாக இருந்தால் ஒளி குறையாது.

குப்பையைப் பிடிக்க இது நல்ல வழி. ஆனால் ரூமட்டாய்டு ஃபேக்டர் குப்பை இல்லையே. அது மருந்தை நிஜமாகவே பிடிக்கிறது. வெறும் மருந்தைக் கொட்டினால் அதையும் பிடிக்கும், ஒளி குறையும், உறுதி என்று எழுதிவிடுவோம். இளையவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்: மருந்தை நிஜமாகப் பிடிக்கிற எதையும் இரண்டாம் கட்டம் வடிகட்டாது. எங்கள் மாதிரிகளும் முக்கால்வாசி அதைத் தாண்டி ‘உறுதி’ ஆகியிருந்தன.

கடைசியில் வழி காட்டியது ஒரு சின்னச் சோதனை. ஒவ்வொரு மாதிரியையும் மூன்று குழிகளில் வைத்தோம். ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் எங்கள் மருந்து. மூன்றாவதில் எங்கள் மருந்துக்குச் சம்பந்தமே இல்லாத, வேறு நோய்க்கான ஒரு ஐஜிஜி மருந்து. எங்கள் மருந்துக்கென்று உண்டான ஆன்டிபாடி என்றால் இரண்டாவது குழியில் மட்டும் ஒளி குறைய வேண்டும். எங்கள் மாதிரிகளில் மூன்றாவதிலும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. ஆக, பிடிபடுவது மருந்தின் தனித்தன்மையான தலைப்பகுதி, அதாவது கைகளின் நுனி, இல்லை, எல்லா ஐஜிஜிக்கும் பொதுவான வால்.

அப்புறம் தீர்வு. வாலைப் பிடிக்கிறார்கள் என்றால் வாலை வெட்டிவிடலாமே? பெப்சின் என்ற நொதி ஐஜிஜியைக் கீல் பகுதிக்குக் கீழே வெட்டும். கைகள் இரண்டும் சேர்ந்த துண்டு மிஞ்சும், வால் துண்டு துண்டாகிவிடும். அந்தக் கைத்துண்டில் பயோட்டினும் ருத்தேனியமும் ஒட்டி, பிளேட்டைப் புதிதாக வடிவமைத்தோம். முடக்குவாத மாதிரிகளில் பொய் ஒளி சரசரவென்று இறங்கியது. அன்று சாயங்காலம் கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வேறு மாதிரிகள் பாசிட்டிவ் ஆயின. இந்த முறை நோயே இல்லாதவர்களின் சீரமும் சேர்ந்து. வெட்டுப்பட்ட இடம் புதிதாக வெளியே தெரிகிறது. ஆரோக்கியமானவர்கள் பலருடைய ரத்தத்திலும் அந்த வெட்டுமுனையைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் இயல்பாகவே உண்டு. அப்படி ஒரு ஆன்டிபாடி இருக்கிறது என்று நான் படித்திருந்தேன், என் பிளேட்டில் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. வேறு ஏதோ ஒரு ஐஜிஜியைப் பெப்சினால் வெட்டி, அந்தத் துண்டுகளை லேபிள் இல்லாமல், மாதிரியை நீர்க்கவைக்கும் பஃபர் கரைசலில் தாராளமாகக் கலந்தோம். வெட்டுமுனையைத் தேடி வந்தவர்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். சூடாக்கித் திரளவைத்த ஐஜிஜியைக் கலந்து ரூமட்டாய்டு ஃபேக்டரைத் திசைதிருப்புகிறவர்களும் உண்டு. அதையும் செய்து பார்த்தோம், எங்களுக்குப் பாதிதான் பலன் கிடைத்தது.

வாலை வெட்டியதில் ஒரு நஷ்டம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மருந்தின் வாலுக்கு எதிராக யாருக்காவது உண்மையான ஆன்டிபாடி வந்தால் இந்த டெஸ்ட் அதைப் பார்க்காது. ஆனால் முழுக்க மனித வடிவில் செய்த மருந்துகளில் உடம்பு அன்னியமாகப் பார்ப்பது பெரும்பாலும் தலைப்பகுதியைத்தான். அடாலிமுமாபுக்கு எதிராக வரும் ஆன்டிபாடிகளில் மிகப் பெரும்பான்மை, மருந்து தன் இலக்கைப் பிடிக்கும் அதே இடத்தைத்தான் குறிவைக்கின்றன. அதனால் இந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு, அறிக்கையில் வெளிப்படையாக எழுதிவைத்தோம்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் சுலபமான ஒரு வழி இருந்தது. அதைச் செய்யச் சொல்லி எங்களிடம் கேட்கவும் செய்தார்கள். கட் பாயின்ட்டை உயர்த்திவிடுவது.

கட் பாயின்ட் என்பது பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே போடும் கோடு. மருந்து எடுக்காத குறைந்தது 50 பேருடைய சீரத்தைப் பல நாட்களில், குறைந்தது இரண்டு பேர் கையால் ஓட்டி, அந்த எண்களின் பரவலில் இருந்து கோட்டைக் கணக்கிடுவோம். எண்கள் ஒழுங்காகப் பரவியிருந்தால் சராசரியோடு திட்ட விலக்கத்தின் 1.645 மடங்கைக் கூட்டினால் போதும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, இந்தக் கோடு வேண்டுமென்றே கொஞ்சம் தாழ்வாகப் போடப்படுகிறது. ஆன்டிபாடி இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் முதல் கட்டத்தில் பாசிட்டிவ் ஆக வேண்டும் என்பதே அதன் நோக்கம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019இல் இறுதி செய்த வழிகாட்டுதலும் இதைத்தான் கேட்கிறது. இரண்டாம் கட்டத்துக்கு ஒரு சதவீதம். ஐந்தும் வராவிட்டால், கோடு உயரத்தில் போய்விட்டது, உண்மையான ஆன்டிபாடிக்காரர்களைத் தவறவிடுகிறோம் என்று அர்த்தம்.

ஏன் இந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ரத்தசோகைக்காகக் கொடுக்கும், சிவப்பணு தயாரிப்பைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் மருந்துகளில் ஒன்று எப்ரெக்ஸ். மாட்டுப் பைத்தியநோய் மனித ரத்தப் பொருட்கள் வழியாகவும் தொற்றுமோ என்ற பயம் ஐரோப்பாவில் பரவியிருந்த நேரம். 1998இல் அந்த மருந்திலிருந்து மனித ஆல்புமினை எடுத்துவிட்டு, பாலிசார்பேட் 80 என்ற பொருளைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு சில நோயாளிகளின் எலும்பு மஜ்ஜை சிவப்பணு தயாரிப்பதையே நிறுத்த ஆரம்பித்தது. பாரிஸில் நிக்கோல் காசாட்வாலும் சகாக்களும் 2002இல் அப்படி 13 பேரைப் பற்றி எழுதினார்கள். மருந்துக்கு எதிராக உண்டான ஆன்டிபாடி, மருந்தோடு நிற்காமல் அவர்கள் உடம்பு சொந்தமாகச் சுரந்த கொஞ்சநஞ்ச எரித்ரோபொயட்டினையும் பிடித்து அழித்துக்கொண்டிருந்தது. ரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டிய நிலை. அந்த 2002 முடிவதற்குள், சிறுநீரக நோயாளிகளுக்குத் தோலுக்கடியில் எப்ரெக்ஸ் போடுவதை ஐரோப்பாவில் நிறுத்தச் சொன்னார்கள்.

அந்தப் பதின்மூன்று பேரை நினைத்தால் கோட்டை உயர்த்த எனக்குக் கை வராது. மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் ஆன்டிபாடி இருந்தாலே டெஸ்ட் கண்டுபிடிக்க வேண்டும் என்று இன்றைக்கு எதிர்பார்க்கிறார்கள். ரூமட்டாய்டு ஃபேக்டருக்குப் பயந்து கோட்டைத் தூக்கினால் அதோடு அந்த 100 நானோகிராம்காரரும் கீழே போய்விடுவார். பொய் குறைந்ததாக அறிக்கையில் அழகாகத் தெரியும், மெய்யும் சேர்ந்து குறைந்தது வெளியே தெரியாது.

கோடு தவறான இடத்தில் இருந்தால் மட்டும் அதைத் திருத்துவது நியாயம். பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஆரோக்கியமானவர்களின் சீரத்தை விலைக்கு வாங்கி, அதில் கணக்குப் போடுகிறார்கள். விலகி நிற்கும் எண்களை ஒன்றன்பின் ஒன்றாக நீக்குகிறார்கள். மிஞ்சுவது ஒன்றுபோல இருக்கும் சுத்தமான சீரம், பரவல் மிகக் குறைவு, கோடு தரையோடு ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் நிஜ நோயாளிகளின் சீரம் வரும்போது, அழற்சியும் பிற மருந்துகளும் கலந்த ரத்தம், கால்வாசிப் பேர் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள். இதற்கு மருந்து, அதே நோயாளிகளின் ஊசிக்கு முந்தைய மாதிரிகளை வைத்துக் கோட்டைப் புதிதாகக் கணக்கிடுவதுதான். ஆய்வு மாதிரிகளில் பொய் பாசிட்டிவ் 2 முதல் 11 சதவீதத்துக்குள் வந்தால் பழைய கோட்டையே வைத்துக்கொள்ளலாம் என்பது துறையில் பலரும் பின்பற்றும் கணக்கு. எங்களுடையது அதைத் தாண்டி எங்கோ இருந்தது. ஆனால் எங்கள் சிக்கல் கோடு இல்லை, பாலத்தில் வேறு ஆள். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கோட்டை நகர்த்தியிருந்தால் நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்த கதையாகியிருக்கும்.

போகிற போக்கில் இன்னொன்று. முடி வளர்வதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். ஸ்ட்ரெப்டாவிடினை நம்பி நடக்கும் எத்தனையோ டெஸ்ட்களை அது குழப்பும். எஃப்.டி.ஏ. 2017இலேயே எச்சரித்திருக்கிறது. எங்கள் டெஸ்ட்டில் அது எதிர்த்திசையில் வேலை செய்யும், உள்ள பாசிட்டிவையும் மறைத்துவிடும்.

ரூமட்டாய்டு ஃபேக்டரை ஊசிக்கு முந்தைய மாதிரியிலேயே பார்த்துவிடலாம். அதைவிடப் பொல்லாத ஒருவர் இருக்கிறார், மருந்தின் இலக்குப் புரதம். சில இலக்குகள் ரத்தத்தில் இரட்டையாகத் திரியும். நரம்பு வளர்ச்சிக் காரணி அப்படி, ரத்தக்குழாய் வளர்ச்சிக்கான வி.இ.ஜி.எஃப். அப்படி. இரண்டு பாதி, இரண்டு பிடிமானம். ஒரு பாதியைப் பயோட்டின் மருந்தும் மறு பாதியை ருத்தேனியம் மருந்தும் பிடித்தால், ஆன்டிபாடியே இல்லாமல் பாலம் முடிந்தது. வெறும் மருந்தைக் கொட்டினால் இதுவும் குறையும், அதனால் இரண்டாம் கட்டத்திலும் தப்பிவிடும்.

இது எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் கொடுமை. மருந்து போட்ட பிறகு இலக்குப் புரதம் மருந்தோடு ஒட்டிக்கொள்கிறது. தனியாக இருந்திருந்தால் சில மணி நேரத்தில் வெளியேறியிருக்கும். மருந்தோடு சேர்ந்ததால் நாள்கணக்கில் ரத்தத்திலேயே தங்கிக் குவிகிறது. எங்கள் டெஸ்ட்டிலோ, மருந்தோடு ஒட்டிக்கிடக்கும் ஆன்டிபாடியைப் பிரித்தெடுக்க முதலில் சீரத்தை அமிலத்தில் வைப்போம். அமிலம் ஆன்டிபாடியை மட்டும் விடுவிக்காது, குவிந்த இலக்கையும் அவிழ்த்துவிடும். ஊசிக்கு முன் நெகட்டிவ், ஊசிக்குப் பின் பாசிட்டிவ். உண்மையான ஆன்டிபாடி உருவானால் எப்படித் தெரியுமோ அச்சு அசலாக அப்படியே தெரியும். நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிடிக்கும் ஃபுல்ரானுமாப் என்ற வலி மருந்தில் இந்தப் பொய் பாசிட்டிவ் வந்து, அதை நீக்கிய முறையை 2014இல் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். வேறொரு மருந்தில் எனக்கு இது வந்தபோது அந்தக் கட்டுரையின் தலைப்பைப் பார்த்ததே பெரிய ஆறுதல்.

இதைச் சோதிக்கும் வழி சுலபம். சுத்தமான சீரத்தில் இலக்குப் புரதத்தைப் படிப்படியாகக் கலந்து ஓட்ட வேண்டும். ஒளி படிப்படியாக ஏறினால் ஆள் பிடிபட்டார். அப்புறம் அந்த இலக்கை இறுக்கிப் பிடிக்கும் வேறொரு புரதத்தை, அதன் கரையும் ஏற்பியையோ உருவத்தில் நம் மருந்தை ஒத்திராத இன்னொரு ஆன்டிபாடியையோ, பஃபரில் கலந்து இலக்கின் வாயை அடைத்துவிட வேண்டும். நான் அமிலத்தின் கடுமையையும் கொஞ்சம் குறைத்தேன். இவற்றில் எது பலிக்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், அதற்குப் பொது விதி எதையும் நான் கண்டதில்லை.

இதெல்லாம் ஆய்வகத்துக்குள் நடக்கும் சங்கதி என்று நானும் நினைத்திருந்தேன், திருநெல்வேலியிலிருந்து சித்தி போன் செய்யும் வரை. அவருக்குப் பல வருடமாக முடக்குவாதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் ஊசி. அது வந்த பிறகுதான் காலையில் எழுந்து தானே சேலை கட்டிக்கொள்ள முடிந்தது அவருக்கு.

“ஏட்டி, மருந்துக்கு எதிரா உடம்புல ஏதோ வந்துட்டுன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு. ஊசிய நிறுத்திருவாவளோ?”

“வலி கூடியிருக்கா சித்தி?”

“இல்லட்டி, நல்லாத்தான் இருக்கேன்.”

ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று ஒரு வரி. எந்த முறையில் பார்த்தார்கள், எத்தனை கட்டம், ரூமட்டாய்டு ஃபேக்டரை எப்படி விலக்கினார்கள், ஒன்றும் இல்லை. எண் கோட்டுக்குச் சற்று மேலே. அடுத்த வரியில் ரத்தத்தில் மருந்தின் அளவு, நன்றாகவே இருந்தது. சித்திக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் மிக அதிகம் என்பது எனக்கு ஏற்கனவே தெரியும். மருந்தை அழிக்கிற ஆன்டிபாடி பலமாக வந்திருந்தால் மருந்தின் அளவு இறங்கியிருக்க வேண்டும், மூட்டு வீங்கியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை.

நான் டாக்டர் இல்லை, ஊசியை நிறுத்தாதீர்கள் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினேன். மருந்தின் அளவு ஏன் குறையவில்லை? இது ஆர்.ஏ. ஃபேக்டரால் வந்திருக்குமா? சில வாரம் கழித்து மறுபடி பார்க்கலாமா? அந்த டாக்டர் பொறுமையாகக் கேட்டார் என்றும், ஊசியைத் தொடரலாம், அடுத்த முறை பார்க்கலாம் என்றும் சித்தி சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அந்த ஒற்றை வரி ரிப்போர்ட்டின் மேல்தான். முறையைச் சொல்லாத பாசிட்டிவ் என்ற சொல்லை ஒரு நோயாளியின் கையில் கொடுக்கக் கூடாது.

ஆம்ஸ்டர்டாமில் 272 முடக்குவாத நோயாளிகளை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், 28 சதவீதம் பேருக்கு அடாலிமுமாபுக்கு எதிரான ஆன்டிபாடி வந்தது. அப்படி வந்தவர்களில் பலருக்கு மருந்து கேட்கவில்லை. அதே மருந்துக்கு மற்ற ஆய்வுகளில் இதைவிடக் குறைவாகவும் பல மடங்கு கூடுதலாகவும் எண்கள் உண்டு. மருந்து மாறவில்லை, டெஸ்ட் மாறியது. அதனால்தான் மருந்துப் பெட்டியின் உள்ளே வரும் தாளில், ஒரு மருந்தின் ஆன்டிபாடி சதவீதத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவது தவறான முடிவுக்குக் கொண்டுபோகலாம் என்று எழுதியிருப்பார்கள். பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் என் பிளேட் ஞாபகம் வரும்.

எங்கள் முடக்குவாத ஆய்வுக்குத் திரும்புகிறேன். வால் வெட்டிய மருந்துத் துண்டு, வெட்டுமுனையை அடைக்கும் துண்டுகள், நோயாளிகளின் மாதிரியிலேயே கணக்கிட்ட கோடு, இவை எல்லாம் சேர்ந்த புதிய டெஸ்ட்டில் எல்லா மாதிரிகளையும் மறுபடி ஓட்டினோம். ஊசிக்கு முந்தைய மாதிரிகளில் பாசிட்டிவ் நூற்றுக்கு ஆறு ஏழு என்ற அளவுக்கு வந்தது. பழைய டெஸ்ட்டில் உறுதி ஆகியிருந்தவர்களில் பெரும்பாலோர் காணாமல் போனார்கள்.

ஒருவர் மட்டும் முன்பு கூட்டத்துக்குள் மறைந்திருந்தார். பழைய பிளேட்டில் அவரும் மற்றவர்களைப் போல ஆரம்பத்திலிருந்தே பாசிட்டிவ், அதனால் யாரும் அவரைத் தனியாகக் கவனிக்கவில்லை. புதிய பிளேட்டில் ஊசிக்கு முன் அவர் நெகட்டிவ். நான்காவது வாரமும் நெகட்டிவ். பன்னிரண்டாவது வாரம் லேசாகப் பாசிட்டிவ், அதற்கடுத்த மாதிரியில் டைட்டர், அதாவது ஆன்டிபாடியின் அளவு, பல மடங்கு. மருந்து அளவுத் தாளை எடுத்து அவருடைய எண்ணைத் தேடினேன். அதே வாரங்களில் மருந்து இறங்கி இறங்கி, கடைசியில் அளக்க முடியாத அளவுக்குப் போயிருந்தது. அவருடைய மாதிரியை அன்றைக்கே இன்னொருமுறை ஓட்டிவிட்டு, ஆய்வு டாக்டருக்குத் தகவல் அனுப்பச் சொல்லி மேலே எழுதினேன்.